நரம்பு பாதிப்பு என்கிறார்கள்... எந்த இடத்தில்?

கேள்வி: எனக்கு 47 வயது. ஆறு மாதமாக வலது காதில் செல்போனை வைத்தால் சத்தம் கேட்கிறது, பேச்சு புரிவதில்லை. இரைச்சலும் இருக்கிறது. இடது காது நன்றாகவே கேட்கிறது. ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) பார்த்துவிட்டு, “நரம்பு பாதிப்பு, மெஷின் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். பாதிப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியும். மெஷின் வாங்கும் முன் அதைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

ஆடியோகிராமில் காற்று வழி (ஹெட்போனில் ஒலி கொடுப்பது), எலும்பு வழி (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அதிர்வு கொடுப்பது) இரண்டிலும் கேட்கும் திறன் ஒரே அளவு குறைந்திருந்தால், செவிப்பறையிலும் நடுக்காதிலும் கோளாறு இல்லை, அதற்கும் உள்ளேதான் என்று அர்த்தம். அவ்வளவுதான் அது சொல்லும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் கெட்டிருந்தாலும், அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கெட்டிருந்தாலும் கோடு ஒரே மாதிரிதான் விழும். இரண்டையும் சேர்த்தே நரம்பு பாதிப்பு என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்குக் கெட்டிருப்பது காக்ளியாதான்.

உங்கள் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பவை இரண்டு. ஒரே காதில் வந்திருக்கிறது. சத்தம் கேட்டும் சொல் புரியவில்லை. எனவே முதலில் பேச்சு உணர்திறன் பரிசோதனை செய்யுங்கள். ஒற்றைச் சொற்களை ஒலிக்கவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஆடியோகிராமில் இழப்பு கொஞ்சமாக இருந்து, சொற்களில் பாதிகூடப் பிடிபடவில்லை என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வரும். ஒலியைக் கூட்டக் கூட்ட இன்னும் குழம்பினால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது பெரா டெஸ்ட். ஒலி கேட்டதும் கேட்கும் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளை இது பதிவுசெய்யும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுப்பார்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தூங்கிவிட்டால் எங்களுக்கு இன்னும் வசதி. முதல் அலை காக்ளியாவை ஒட்டிய நரம்புப் பகுதியிலிருந்தும், ஐந்தாவது அலை மூளைத்தண்டின் மேல்பகுதியிலிருந்தும் வருகிறது. நடுவே சுமார் 4 மில்லிசெகண்ட் ஆகும். வலது பக்கம் மட்டும் இந்த இடைவெளி நீண்டால் தடை நடுவழியில் இருக்கிறது.

அந்தத் தடை நரம்பை அழுத்தும் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் 1 செ.மீ.க்கும் குறைவான கட்டிகளை பெரா தவறவிடலாம். அதனால் ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகும்போது, பெரா சரியாக வந்தாலும் நான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிடுவேன். கேட்கும் நரம்பு செல்லும் எலும்புப் பாதையான உட்செவிக் குழாயைத் தெளிவாகக் காட்டும்படி, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுப்பது நல்லது. சி.டி. ஸ்கேன் மலிவு என்று அதோடு நின்றுவிடாதீர்கள். சின்னக் கட்டி அதில் தெரியாமல் போகலாம். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர் எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கட்டி என்றதும் பயம் வேண்டாம். இப்படி எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டி இருப்பதில்லை. இருந்தாலும் பெரும்பாலும், கேட்கும் நரம்போடு சேர்ந்து போகும் சமநிலை நரம்பின் உறையில் மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டிதான். சிறியதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்று விட்டுவிடுவதும் உண்டு.

இதற்கிடையில் அந்தக் காது திடீரென்று அடைத்துப்போனாலோ கேட்பது சட்டென்று குறைந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பலன் குறையும். முகம் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். போகும்போது பழைய ஆடியோகிராம் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.