தட்டைக் கொண்டுபோய் வைத்தது நான்தான்

வணக்கம் ஐயா,
என் தம்பிக்கு 34 வயது. பெயின்ட் வேலை. தினமும் குடிக்கிறான். கேட்டால், "அப்பா அடிச்ச அடிய மறக்க முடியலக்கா" என்கிறான். அதே அப்பாதான் என்னையும் அடித்தார். அப்பத்தா ஓடிவந்து என்னை மடியில் போட்டுக்கொள்ளும். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? இவன் சொல்வது சாக்குதானே? சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி மாமா ஒரு மருந்து வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
ஒரு வாசகி, மேலூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு அப்பத்தா மடி இருந்தது. தம்பியை யார் தூக்கிக்கொண்டார்கள்? சாக்கா என்ற கேள்விக்கு இவ்வளவு போதும்.

ஒரு மாதமாக வான்கூவர் மருத்துவர் காபோர் மாட்டேயின் பேச்சுகளைக் கேட்டு வருகிறேன். போதைக்கு அடிமையானவர்களோடு பல வருடம் இருந்தவர். ஏன் குடிக்கிறாய் என்று கேட்காமல் எங்கே வலிக்கிறது என்று கேட்கச் சொல்கிறார். 1998-ல் ஃபெலிட்டியும் அண்டாவும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்தது. சிறுவயதில் அடி, வசை போன்ற துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ வகைகளை அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு.

சரி, அந்த மருந்துக்கு வருகிறேன். என்னம்மா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அது குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மருந்தாக இருந்தால், உடலில் அது இருக்கும்போது குடித்தவருக்கு வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். குடிப்பவரிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது.

செல்லூரில் எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் கொடுத்தார்கள். தறி வீடு. சின்னப் பையனாக இருந்தபோது அவர் பாவு இழையை அறுத்துவிட்டால், தாத்தா தறிக்குழிக்குள் இறக்கி மேலே பலகையைப் போட்டு மூடிவிடுவாராம். அழுதால் இன்னும் நேரம் கூடும். பெரியவரான பிறகும் அவர் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை. அதையும் குடியையும் வீட்டில் யாரும் சேர்த்து நினைக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மருந்து கலந்த குழம்புச் சோற்றைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். நான் கொடுத்தால் சந்தேகப்பட மாட்டார் என்று என்னை அனுப்பினார்கள். அன்று இரவு அவர் துடித்த துடிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிழைத்துக்கொண்டார். அப்பத்தா அழுதபடி உண்மையைச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் சோறு தின்னவில்லை. பரோட்டாக் கடையில் சாப்பிட்டு, கல்பாலத்து ஓரம் படுத்துக்கொள்வார். நான் தண்ணீர் கொண்டுபோனாலும், "நீ ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுடா" என்பார். குழியில் தள்ளியவர் பெற்ற தகப்பன். சோற்றில் ஏமாற்றியவர்கள் நாங்கள். குடியை விடு என்று சொல்ல அதன்பிறகு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பியை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்கவும் பார்க்காதீர்கள். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவனிடம் சொல்லியே கூட்டிப்போங்கள். வர மறுத்தால் முதலில் நீங்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்து பேசுங்கள்.

அதற்கு முன்னால், அந்த மருந்தை அவனிடமே காட்டுங்கள். "இதை உன் சோத்துல கலக்கச் சொன்னாங்க, நான் கலக்கல" என்று சொல்லிவிடுங்கள்.