ரெண்டு லட்சம் கொடுத்தால் தம்பி திருந்திவிடுவானா?

கேள்வி: திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்த்த என் தம்பி, 600 கிராம் கஞ்சா வைத்திருந்ததாகக் கோவை மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். அவனும் அதற்கு அடிமைதான். 'தெரபியூட்டிக் கம்யூனிட்டி' மையத்தில் சேர்த்தால் 45 நாளில் திருந்திவிடுவான், கேஸும் உடைந்துவிடும், 2 லட்சம் ஆகும் என்கிறார் ஒரு புரோக்கர். நம்பலாமா? - வாசகி, பல்லடம்

பதில்: பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அம்மணி.

'தெரபியூட்டிக் கம்யூனிட்டி', அதாவது கூடி வாழ்ந்தே ஒருவரையொருவர் திருத்தும் சிகிச்சை முறை, உண்மையானதுதான். ஒரே பிளாக்கில் தங்கி, காலைக் கூட்டத்தில் ஒருவன் செய்த தப்பை இன்னொருவன் முகத்துக்கு நேராகக் கேட்பான். பாத்திரம் கழுவுவதில் தொடங்கிப் படிப்படியாகப் பொறுப்பு கூடும். இங்கிலாந்தின் கிரெண்டன் சிறையில் 1962 முதல் நடக்கிறது. அங்கே நல்ல பலன் தெரிந்தது 18 மாதமாவது இருந்தவர்களிடம்தான். அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சிறைகளில், வெளியே வந்த பிறகும் தொடர் கவனிப்பு கிடைத்தவர்களே பெரும்பாலும் பழைய வழிக்குத் திரும்பாமல் தாக்குப்பிடித்தார்கள். சிறைக்குள் மட்டும் சிகிச்சை எடுத்தவர்களிடம் சில வருடத்தில் பலன் கரைந்துபோனது. அப்படியிருக்க, 45 நாளில் திருத்தித் தருகிறோம் என்பவர் பேச்சை எப்படி நம்புவது?

நம் சிறைகளில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகள். வாய்தா மேல் வாய்தா. எப்போது வெளியே போவான் என்றே தெரியாதவனுக்கு யார் ஒரு வருடத் திட்டம் போடுவது? வழக்கைச் சீக்கிரம் முடிக்காமல் மறுவாழ்வு பற்றிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

புரோக்கர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. அதைத்தான் அவர் விற்கிறார். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையானவர் மீது சிறிய அளவுக்கான வழக்கு மட்டும் இருந்து, அவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை. தம்பி வழக்கு இதற்குள் வருகிறது. ஆனால் கேட்க வேண்டியது அவனே. நீங்களோ புரோக்கரோ அல்ல. மருத்துவமனையோ மையமோ அரசு நடத்துவதாக, இல்லை அரசு அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் விலக்கையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்கிய சர்டிபிகேட் இங்கே செல்லாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல் இலவசம். அடுத்த தடவை மனு போட்டுப் பார்க்கும்போது தம்பியிடம் 64ஏ பற்றிச் சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள். ஜாமீனில் வந்ததும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தனியார் மையம்தான் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைப் பார்த்த பிறகே படியேறுங்கள். அப்புறம், பழைய கூட்டாளிகள் இருக்கும் அதே பட்டறைக்கு, அதே ரூமுக்கு அவனை அனுப்பாதீர்கள்.