பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? கேள்வி பதில்

இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி, வருடக்கணக்கில் ஓட்டி, நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். 1989-ல் வந்த முதல் தலைமுறைக்குப் பெரிய எதிரி துருதான். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் முடியும் இடம், அங்கேதான் ஆரம்பிக்கும். மடக்குக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் வடிவதற்குச் சின்னக் குழாய்கள் உண்டு. அதில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே நிறையவே போயிருக்கும். ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். சில்லில் ஒட்டவில்லை என்றால் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். பானெட்டில் ஒட்டாவிட்டால் பயப்படாதீர்கள், அது அலுமினியம்.

அப்புறம் என்ஜின். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஆறிக் கிடக்கும் என்ஜினில்தான் குறைகள் வெளியே வரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வந்தால், கூலண்ட் உள்ளே போகிறது. ஓட்டும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். என்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மட்டும் ஏறி காரின் வேகம் ஏறவில்லையா, கிளட்ச் முடிந்துவிட்டது.

கேள்வி: கம்ப்ரெஷன் டெஸ்ட் கேட்டால் விற்பவர் தப்பாக நினைப்பாரோ?

பதில்: கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை அது. செலவு உங்களுடையது என்றும் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டும். டெஸ்டுக்கே மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: சார், போர்ஷே பாக்ஸ்டர் 986 மேல் ஆசை. ஐஎம்எஸ் பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயம் நியாயமானது, ஆனால் எல்லாக் காரிலும் அது உடைவதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத் தண்டின் (அதுதான் ஐஎம்எஸ்) முனையில் இருக்கும் பேரிங் அது. உடைந்தால் டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜினே போய்விடும். ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் அந்தக் கார் வேண்டாம். பேரிங் மாற்றிய பில் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால், கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸ் எப்படியும் இறங்கும், அப்போதே இதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: குறைவாக ஓடிய கார்தானே நல்லது?

பதில்: எப்போதும் இல்லை. வருடக்கணக்கில் நின்ற காரில் ரப்பர் காய்ந்து, சீல் கசிய ஆரம்பிக்கும். அதிகம் ஓடியிருந்தாலும் எல்லா பில்லும் இருக்கும் காரைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: வாங்கிவிட்டேன் அண்ணா! முதலில் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் மாற்றட்டுமா?

பதில்: வாழ்த்துகள்! ஆனால் அந்தப் பணத்தை முதலில் டயரில் போடுங்கள். டர்போ இல்லாத என்ஜினில் எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றினால் சத்தம் மாறும், பவர் பெரிதாக ஏறாது. டர்போ என்ஜின் என்றால், என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் ரீமேப் செய்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கும் டயர், பிரேக் முதலில் சரியாக இருக்க வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. என் முதல் காரில் டயர் பட்டன் ஆழமாகவே இருந்தது, ஆனால் வயது ஒன்பது. மழை பெய்த ஒரு வளைவில் பின்பக்கம் பிடியை விட்டுச் சுழன்று, ஓரப் புல்லில் போய் நின்றேன். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் கை நடுக்கம் அடங்க நெடுநேரம் ஆனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரை வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிறகு நல்ல பிரேக் பேட், வீல் அலைன்மென்ட். இவ்வளவு செய்தாலே வேறு காரை ஓட்டுவது போல இருக்கும்.

கேள்வி: ஸ்பிரிங் மட்டும் மாற்றி காரைத் தாழ்த்தலாமா?

பதில்: பழைய ஷாக் அப்சார்பரோடு வேண்டாம். குட்டை ஸ்பிரிங் போட்டால் ஷாக் அசைய இடம் குறைந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் முட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியதும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேள்வி: இதையெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், எழுத்தில்.

கேள்வி: கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்றுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். காரை விற்கும் நாளில் அவற்றைக் கேட்கத்தான் செய்வார்கள். துடைத்து, ஆயில் தடவி, துணியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள். அந்தந்தப் பாகத்தின் போல்ட்டுகளையும் அதோடு கட்டி வையுங்கள்.