கிட்டா, சப்வெர்ஷனா? முதலில் உங்கள் ஃபைல்களைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஏழு பேராகச் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ஐந்து பேர் கோடிங். அதில் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். இரண்டு பேர் ஃபோட்டோஷாப் டிசைன். எல்லாம் ஒரே ஷேர்டு ஃபோல்டரில்தான். போன வாரம் ஒருவர் செய்த டிசைன் மீது இன்னொருவர் சேவ் செய்ததில் இரண்டு நாள் உழைப்பு போனது. கிட் போடலாமா, சப்வெர்ஷன் போடலாமா?

பதில்: கிட், சப்வெர்ஷன் இரண்டுமே ஃபைல்களில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிவு செய்து, பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் மென்பொருள்கள். போனது டிசைன் ஃபைல் என்கிறீர்கள். வெறும் கிட்டைப் போட்டால் மட்டும் அந்தத் தொல்லை தீராது.

நிரல் என்பது வெறும் எழுத்து. ஒருவர் 12-ஆம் வரியில் நிறத்தையும், இன்னொருவர் 80-ஆம் வரியில் எழுத்தின் அளவையும் மாற்றினால் கிட் தானே இரண்டையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்கிவிடும். ஃபோட்டோஷாப் ஃபைலில் அது நடக்காது. ஒரு ஹோட்டல் மெனுவில் ஒருவர் லோகோவையும், மற்றவர் தோசை விலையையும் மாற்றினால், ஒருவருடையதை விட்டுத்தான் ஆக வேண்டும். பழைய பிரதி பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். வேலையை மறுபடி செய்தாக வேண்டும். இதற்கு மருந்து லாக், அதாவது ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் மாற்றாதபடி ஃபைலைப் பூட்டி வைப்பது. சப்வெர்ஷனில் ‘நீட்ஸ் லாக்’ என்று குறித்துவிட்டால், லாக் எடுக்காதவருக்கு அந்த ஃபைல் படிக்க மட்டுமே திறக்கும்.

அப்படியானால் சப்வெர்ஷனே போதுமே என்று தோன்றும். உங்கள் கடலூர் நண்பரை நினைத்துப் பாருங்கள். சப்வெர்ஷனில் கமிட் செய்ய, அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதிய, எல்லோருக்கும் பொதுவான சர்வர் கிடைத்தாக வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் கரையோரத்தில் கரண்டும் நெட்டும் போவது புதிதா என்ன? கிட்டில் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருப்பதால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை கமிட் செய்துகொண்டே போகலாம், நெட் வந்ததும் புஷ் செய்து மற்றவர்களுக்கு அனுப்பலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அதன் மையப் பகுதியான கெர்னலுக்காக கிட்டை எழுதியபோதே, உலகெங்கும் சிதறியிருப்பவர்கள் தனித்தனியாக வேலை செய்வதுதான் கணக்கு.

அந்த வசதிக்கு விலையும் உண்டு. 150 எம்பி டிசைனை 40 முறை மாற்றினால், எல்லாப் பிரதிகளும் சேர்ந்து, புதிதாகச் சேருபவர் 6 ஜிபி வரை இறக்க நேரலாம். கிட் வேலைகளை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப், வெறும் கிட்டில் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்கவே ஏற்காது.

ஆகவே என் பரிந்துரை: கிட், கூடவே பெரிய ஃபைல்களுக்கான அதன் துணைக் கருவியான கிட் எல்எஃப்எஸ். பெரிய ஃபைல்கள் தனியே தங்கும், தேவையான பிரதி மட்டும் இறங்கும். ‘லாக்கபிள்’ என்று குறித்தால் சப்வெர்ஷன் போலவே லாக்கும் கிடைக்கும். லாக் எடுக்க மட்டும் நெட் வேண்டும். டிசைனர்கள் இருவரும் ஆபீஸிலேயே இருந்தால் அது பெரிய சிரமமில்லை. கட்டளை எழுதுவது அவர்களுக்கு மிரட்சி தந்தால், டிசைனை மட்டும் தனியே சப்வெர்ஷனில் வைப்பதில் தவறே இல்லை. கிட் போலவே இயங்கும் மெர்க்யூரியலும் நல்ல மென்பொருள்தான். ஆனால் 2020-இல் கிட்ஹப் போன்ற தளமான பிட்பக்கெட்டே அதைக் கைவிட்ட பிறகு, புதுக் குழுவுக்கு நான் சொல்வதில்லை.

எந்த ஃபைல்கள் எல்எஃப்எஸ்ஸுக்குப் போக வேண்டும் என்ற விதியை முதல் டிசைன் ஃபைலை கமிட் செய்யும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்தால், பழைய டிசைன்களையும் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்ற ரெப்போவின் (ஃபைல்களும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தின்) வரலாற்றையே மாற்றி எழுதி, ஏழு பேரும் புதிதாக குளோன் (முழுப் பிரதி) எடுக்க வேண்டிவரும்.