சந்தன எண்ணெயைப் பருவுக்குப் பூசலாமா, நீர்க்கடுப்புக்குக் குடிக்கலாமா?

ஜவ்வாது மலைச் சந்தன எண்ணெய் என்று வேலூரில் மலிவாக வாங்கிய குப்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

அசல் எண்ணெய் என்றால் பூசலாம், ஆனால் அப்படியே அல்ல. ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஓரிரு துளி போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு அரிப்பு வரும். சந்தன எண்ணெயில் பெரும்பங்கு சாண்டலால் என்ற பொருள். அது வீக்கத்தையும் சில கிருமிகளையும் அடக்குவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். அதற்காகப் பரு அடியோடு போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள்.

குடிக்கவே வேண்டாம். பென்சிலின் வருவதற்கு முன் வெட்டை நோய்க்கு (கொனோரியா என்ற பால்வினை நோய்) இதை உள்ளுக்குக் கொடுத்தார்கள், உண்மைதான். இப்போது நீர்க்கடுப்பு என்றால் சிறுநீர்ப் பரிசோதனைதான் முதல் வேலை.

இன்னொன்று, இந்த எண்ணெய் முதிர்ந்த மரத்தின் வைரத்திலும் (உள்ளே இருக்கும் கெட்டியான நடுக்கட்டை) வேரிலும்தான் இருக்கிறது. மரம் வைரம் பாயவே பல ஆண்டுகள் ஆகும். அதனால் மலிவு விலைக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வாசனைதான். அதை முகத்தில் பூசாதீர்கள்.