25 சதவீத இடத்துக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: வரும் ஜூலையில் எங்கள் மகளுக்கு 3 வயது முடிகிறது. கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பக்கத்து மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி எல்கேஜி இடம் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்டார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. நாங்கள் செய்வது சரிதானா?

பதில்: மீதி 10,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரச் சொல்வதுதான் இந்த ஒதுக்கீடு. இதில் இடத்தை யாரும் வாங்கித் தர முடியாது. விண்ணப்பம் இணையவழியில், இலவசம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். தரகர் இந்தக் குலுக்கலை வைத்துத்தான் பிழைக்கிறார். ஒரு பள்ளியில் 10 இடம், 50 விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 20 பேரிடம் பணம் வாங்குகிறார். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அதில் ஏறக்குறைய 4 பேருக்குச் சீட்டு விழும். அந்த நாலு பேர் பணம் அவருக்கு. மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து 'நாணயமான மனுஷன்' என்று பெயரும் வாங்கிக்கொள்வார். மறுவருஷம் அந்த நாலு குடும்பமே அவருக்கு ஆள் சேர்த்துவிடும். பணம் திரும்பி வருவதே ஏமாற்றின் பாதி என்பது பலருக்குப் புரிவதில்லை.

அவர் அடுத்து வருமானச் சான்றிதழைக் 'குறைத்து' வாங்கித் தருகிறேன் என்பார். உங்களுக்கு அது தேவையே இல்லை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்ற வரம்பு 'நலிவடைந்த பிரிவினருக்கு'. நீங்கள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்பதில் வருகிறீர்கள். சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் அசலாகவே இருக்கட்டும். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பதாகப் பொய் வாடகை ஒப்பந்தம் தயாரித்தால், கிடைத்த இடமும் போகும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. அங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

சேர்க்கைக்குக் குழந்தையைக் கேள்வி கேட்பதும், 'அப்பா அம்மா என்ன படித்திருக்கிறீர்கள்' என்று நேர்காணல் வைப்பதும் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை அபராதம் உண்டு. ஆனால் புகார் கொடுத்தால் பிள்ளையைக் கரித்துக்கொட்டுவார்கள் என்று பயந்து பெற்றோர் வாய் திறப்பதில்லை.

இலவசம் என்றாலும் செலவு வரும். வேன் கட்டணம் உங்களுடையது. நோட்டுப் புத்தகம், சீருடை, ஷூ என்று பல பள்ளிகள் கேட்கும். சேரும் முன்பே எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எல்லாரும் மறப்பது இதைத்தான்: இந்தச் சலுகை 8-ஆம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் முழுக் கட்டணம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் 'அரசுப் பள்ளிப் பிள்ளை' என்ற சலுகை போனது போனதுதானே என்று பலர் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அப்படிப் போகாது. 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரும் தகுதியுள்ளவரே. பணம் கட்டிப் படித்த பிள்ளைக்கு இது கிடையாது. ஒன்பதில் அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்ந்தாலும் கிடையாது. அது அரசுப் பள்ளி ஆகாது. ஒன்பதைத் தனியாரில் முடித்துவிட்டுப் பத்தில் மாறினாலும் கிடையாது. ஆகவே 8 முடிந்து வெளியே வரும்போது, இந்த ஒதுக்கீட்டில்தான் படித்தாள் என்று பள்ளி முத்திரையோடு எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷம் கழித்து அந்தத் தாளைத் தேடி அலைபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! கையில் காசு இருப்பவர்கள் விலக விலக எண்ணிக்கை குறைகிறது, ஆசிரியரும் குறைகிறார், வேறு வழியில்லாதவரின் பிள்ளை அங்கே மிஞ்சுகிறது. இதைச் சரிசெய்வது அரசின் வேலை, அந்தப் பாரத்தை உங்கள் மகள் தலையில் ஏற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்கிறதா என்று கேளுங்கள். அதே கேள்வியை அந்த மெட்ரிக் பள்ளியிலும் கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

குலுக்கலில் விழாவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2025-26-இல் ஒன்றிய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் பணம் கட்டிச் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் ஒதுக்கீடு போனது. கட்ட முடியாத ஏழைக்காக வந்த சட்டம், ஜூனில் கட்ட முடிந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முன்பணம் 5,000: எதற்காக வாங்கினார் என்பது தெரியும்படி வாட்ஸ்அப்பில் கேட்டு அவர் பதிலை வாங்குங்கள். தராவிட்டால் அதை வைத்துக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். பள்ளி ஊழியர் யாராவது இதில் கூட்டு என்று தெரிந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்தில் கொடுங்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் என்றால் 14417-க்கு அழையுங்கள்.