வீல்சேர்ல இருக்கற பெரியவங்கள வீட்ல விட்டுட்டு போறதான்னு கேட்டவருக்கு

கேள்வி: சென்னையில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு வெளியே போக மால் தவிர நல்ல இடம் சொல்லுங்க. வீட்டில் வீல்சேரில் இருக்கும் அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா, இல்லை குழந்தைகளுக்கு போரடிக்குமா?

விட்டுட்டு போகாதீங்க. நாலு வருஷம் விட்டுட்டு போனவ சொல்றேன்.

உங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவுன்னு நினைக்கறேன். எனக்கும் அப்படித்தான், தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, சனிக்கிழமையும் ஆபீஸ். அந்த ஒரு நாள்ல துணி துவைக்கணும், மாவு அரைக்கணும், பசங்களையும் எங்கயாவது கூட்டிட்டு போகணும். அதனால நீங்க கேட்டது எனக்கு தப்பாவே படல, இதையே நான் எனக்குள்ள எத்தனையோ தடவை கேட்டுருக்கேன்.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 2018ல பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு திரும்பிடுச்சு, கை ஓரளவுக்கு திரும்பிடுச்சு, நடை மட்டும் திரும்பல. அதுல இருந்து நாங்க வெளிய கிளம்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவிய குடுத்து ஒரு பார்வை பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு போறதுதான் பழக்கம். அத்தையும் ஒரு தடவை கூட முகம் சுளிச்சதில்ல. "நீங்க போயிட்டு வாங்கம்மா, எனக்கு சீரியல் இருக்கு"ன்னு ரிமோட்ட எடுத்து மடில வச்சுப்பாங்க. அவங்களுக்கும் பொழுது போகுதுன்னு நானும் நிம்மதியா கிளம்பிடுவேன்.

ஒரு நாள் மால்ல சாப்பிட உக்காந்திருந்தோம். என் பொண்ணு, அப்போ அவளுக்கு பத்து வயசு, பிரெஞ்சு ஃப்ரைய கைல வச்சுகிட்டே கேட்டா, "அம்மா, சண்டேல பாட்டி பாக்கற சீரியல் எதுவும் வராதே, பாட்டி எந்த சீரியல் பாக்கறாங்க?" எனக்கு வாய்ல வச்சது இறங்கல. நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அதை கேட்டுட்டு தலையாட்டிட்டு போயிருக்கேன், இவ ஒரே நாள்ல கண்டுபுடிச்சுட்டா. அவர் முகத்த பாத்தேன், அவரும் ஒண்ணும் பேசல. படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தோம், அதை பாக்காமலே வீட்டுக்கு வந்துட்டோம்.

மாலுக்கு போறவங்கள தப்பா சொல்றேன்னு யாரும் கமெண்ட்ல வராதீங்க. உண்மைய சொன்னா வீல்சேருக்கு மால்தான் வசதி. லிஃப்ட் இருக்கு, சாய்தளம் இருக்கு, பாத்ரூம் சுத்தமா இருக்கு. அத்தைய ரெண்டு தடவை கூட்டிட்டு போனோம், ஏசி குளிர் அவங்களுக்கு ஒத்துக்கல, சத்தமும் புடிக்கல. மருமக மாமியார பாத்துக்கறத பெருமை பேசறான்னும் நினைக்காதீங்க, பெருமையா இருந்தா நாலு வருஷம் விட்டுட்டு போயிருப்பேனா.

எங்க போகணும்னு அவங்ககிட்டயே கேட்டோம். நாலஞ்சு தடவை ஒண்ணும் வேணாம்னாங்க, அப்புறம் மெதுவா "கடல்"னாங்க. அத்தை பொறந்து வளந்தது திருவல்லிக்கேணி. மாசி மகத்துக்கு பார்த்தசாரதி பெருமாள் தீர்த்தவாரிக்கு மெரினாவுக்கு எழுந்தருளும்போது அவங்க அப்பா தோள்ல உக்காந்து போனத இன்னிக்கும் சொல்லுவாங்க. நான் அவங்கள மெரினாவுக்கு கூட்டிட்டு போகாம இல்ல, போயிருக்கேன், ஆனா ரோட்டோரம் நடைபாதைல உக்கார வச்சு தூரத்துல இருந்து காட்டிருக்கேன், அவ்வளவுதான். மெரினா மணல் எவ்வளவு அகலம்னு உங்களுக்கே தெரியும். அதுல வீல்சேர எறக்கினா முன் சக்கரம் பொதக்குன்னு புதைஞ்சிடும், பத்தடி தள்றதுக்குள்ள தள்றவங்களுக்கு மூச்சு வாங்கும். அந்த மணல் ஆதில இருந்தே அவ்வளவு கிடையாது. 1800கள் கடைசில துறைமுகம் கட்டினப்புறம், தெக்க இருந்து கரையோரமா வடக்க போற மணல் துறைமுக சுவர்ல தடுக்கப்பட்டு தெக்கு பக்கம் சேந்து சேந்து இப்படி ஆச்சு. அதே காரணத்தால வடக்க ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரிச்சு கல்லு கொட்ட வேண்டியதா போச்சு. அந்தக் காலத்துல கடல் ரோட்டுக்கு கிட்ட இருந்ததுன்னு தன் பாட்டி சொல்லுவாங்கன்னு அத்தை சொன்னப்ப நான் நம்பல, அப்புறம் படிச்சுதான் தெரிஞ்சுகிட்டேன்.

2022 நவம்பர் 27ந் தேதி மாநகராட்சி மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினா மணல் மேல மரப்பாதை திறந்தாங்க. 263 மீட்டர் நீளம், கடல் கிட்ட வரைக்கும் போகும். அடுத்த மாசம் போகலாம்னு பேசிட்டு இருக்கும்போதே டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரைய கடந்து, கடல் பக்கத்து முனை உடைஞ்சு போச்சு. பேப்பர்ல போட்டோவ பாத்துட்டு அத்தை பேப்பர மடிச்சு வச்சுட்டாங்க. சரி பண்ணதுக்கப்புறமும் எங்களால உடனே போக முடியல, அதுக்கு காரணம் எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்.

இத சொல்லாம இருக்க முடியல. நாங்க ரெண்டாவது மாடி. லிஃப்ட் 41 நாள் ஓடல, நான் காலண்டர்ல குறிச்சு வச்சேன். ரிப்பேர் காச பங்கு போட கூட்டம் போட்டா கீழ் வீட்டுக்காரங்க நாங்க லிஃப்ட்ல ஏறறதே இல்ல, எதுக்கு குடுக்கணும்னு கேக்கறாங்க. மாடி தண்ணித் தொட்டிய கழுவ நாங்க பங்கு குடுக்கலயா? மாசா மாசம் மெயின்டனன்ஸ் வாங்கத் தெரியுது, கணக்கு கேட்டா செகரட்டரிக்கு கோவம் வருது. வயசாகாத மனுஷன் யாரு, அவங்க வீட்டு பெரியவங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா என்ன பண்ணுவாங்க? அந்த 41 நாள்ல அத்தைய டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக ரெண்டு தடவை பிளாஸ்டிக் சேர்ல வச்சு எங்க வீட்டுக்காரரும் வாட்ச்மேன் அண்ணனும் படில தூக்கி இறக்கினாங்க. ரெண்டு தடவையும் அத்தை கண்ண மூடிட்டே இருந்தாங்க.

ஒரு வழியா 2023 ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் தூக்குவாளில கட்டி, நாலரை மணிக்கு வேளச்சேரில இருந்து ஆட்டோ. வீல்சேர மடக்கி பின்னாடி கயிறு போட்டு கட்டினோம். மரப்பாதைல சக்கரம் கடகடன்னு சத்தம் போட்டு போச்சு, தள்றதுக்கு என் பொண்ணுக்கும் பையனுக்கும் சண்டை. பாதை முடியற இடத்துல இருந்து அலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் மணல் இருந்தது. தூக்கிட்டு போகட்டுமான்னு அவர் கேட்டாரு, வேணாம்ப்பா, இதுவே போதும்னுட்டாங்க. சாப்பிட்டு முடிச்சதும் என் பையன், ஏழு வயசு, தூக்குவாளிய எடுத்துட்டு ஓடினான், அவரும் பின்னாடியே ஓடினாரு. அலைத் தண்ணிய மொண்டு வந்து பாட்டி கால்ல ஊத்தினான். வலது கால்ல உணர்ச்சி கம்மிங்கறதால அத்தை இடது கால முன்னாடி நீட்டினாங்க. மறுபடி ஓடினான். ரெண்டாவது வாளில இடது கைய விட்டு அள்ளி தலைல தெளிச்சுகிட்டாங்க, தீர்த்தவாரில தெளிச்சுக்கற மாதிரியே மூணு தடவை. மெட்டி மேல மணல் ஒட்டிட்டு இருந்தது, துடைக்கப் போனேன், "இருக்கட்டும் விடு கண்ணு"ன்னாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அந்த மணல் அப்படியே இருந்தது.

பசங்களுக்கு போரடிக்குமான்னு கேட்டீங்க இல்ல, பையன் பதினோரு தடவை தண்ணி கொண்டு வந்தான், கிளம்பலாம்னதுக்கு அழுதான்.

இப்போ மாசத்துல ஒரு ஞாயிறு கடல்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஆட்டோ, சுண்டல், பஜ்ஜி எல்லாம் சேத்து மால்ல ஆகற செலவுல பாதி கூட ஆகல. சாயங்காலம் வெயில் தாழ போங்க, இல்ல விடியக்காலைல போங்க, கூட்டம் இருக்காது. காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போகவே போகாதீங்க. பசங்கள தண்ணில தனியா விடாதீங்க, மெரினால இழுப்பு ஜாஸ்தி, குளிக்கவே தடை இருக்கு. வேற இடம்னா வண்டலூர் ஜூல பேட்டரி வண்டி இருக்கு, செவ்வாய்க்கிழமைதான் லீவு. எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, பசங்களுக்கு புடிக்கும், ஆனா மேல் மாடிக்கு படி ஏற வேண்டி இருக்கலாம், கேட்டுட்டு போங்க. வீட்ட விட்டு கிளம்பறதுக்கு முன்னாடி அம்மாவ ஒரு தடவை பாத்ரூம் கூட்டிட்டு போயிடுங்க, பீச்ல அதுதான் பெரிய கஷ்டம். மாத்துத் துணியும் ஒரு காஞ்ச துண்டும் கண்டிப்பா வேணும். வந்ததும் ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும் வீல்சேர் சக்கரத்த நல்ல தண்ணில கழுவி, தொடச்சு, அச்சுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுடுங்க. முதல் தடவை நாங்க கழுவாம படுத்துட்டோம், ஒரே வாரத்துல உப்புக்கு துரு ஏறி முன் சக்கரம் சுத்தவே இல்ல.